புதிய ராம் போட்டபின் கணினி முடங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடிக்கொண்டிருந்த கணினி திடீரென்று நின்றுபோக எத்தனையோ காரணங்கள் உண்டு. இங்கே பேசப்போவது அதில் ஒரு வகையைப் பற்றி மட்டும்: ராம் (கணினி ஓடும்போது வேலையில் உள்ள தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) கெட்டுப்போய் வரும் முடக்கங்கள், அப்புறம் ராம், மதர்போர்டு, ப்ராசஸர் எல்லாம் தனித்தனியாக நன்றாக இருந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் வரும் முடக்கங்கள். இரண்டாவது வகைதான் ஆட்களைப் பாடாய்ப்படுத்துகிறது. ஒவ்வொன்றையும் தனியே சோதித்தால் எதிலும் பழுது தெரியாது. சேர்த்து வைத்தால் ஓடாது. பதில்கள் பெரும்பாலும் விண்டோஸ் ஓடும் மேசைக் கணினியை வைத்துச் சொல்லப்பட்டவை. மடிக்கணினிக்குத் தனியே ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

இது ராம் கோளாறுதான் என்று எதை வைத்துச் சந்தேகப்படுவது?

ஒழுங்கே இல்லாமல் வருவதை வைத்துத்தான். ஒரு டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கெட்டிருந்தால் கணினி பெரும்பாலும் ஒரே வேலையின்போது, ஒரே பிழைப் பெயரைக் காட்டி விழும். ராம் கெட்டிருந்தால் இன்று நீலத்திரை (விண்டோஸ் விழும்போது காட்டும் பிழைத் திரை) வரும், நாளை பிரவுசர் டேப் மட்டும் செத்துப்போகும், மறுநாள் கேம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடிக்கொள்ளும். நீலத்திரையில் வரும் பெயரும் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும்.

இன்னொரு நல்ல அடையாளம்: பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது 'கோப்பு சிதைந்துள்ளது' என்று வருகிறது, அதே கோப்பை, திரும்ப இறக்காமலே, இன்னொரு முறை பிரித்தால் சரியாகப் பிரிகிறது. உண்மையிலேயே சிதைந்த கோப்பு இரண்டாம் முறை தானாகச் சரியாகாது. நடுவில் இருக்கும் ஏதோ ஒன்று படித்ததைத் தப்பாக நினைவில் வைக்கிறது. இதைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ராமைச் சோதியுங்கள்.

நீலத்திரையில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் ராம் போய்விட்டது என்று அர்த்தமா?

அப்படி முடிவுகட்ட முடியாது. விண்டோஸ் தன் நினைவகக் கணக்கைச் சரிபார்த்தபோது ஏதோ இடித்தது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். கணக்கைக் குழப்பியது கெட்ட ராமாக இருக்கலாம். மோசமாக எழுதப்பட்ட டிரைவராகவும் இருக்கலாம். 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' இரண்டுக்கும் இதே கதைதான்.

'வீயா அன்கரெக்டபிள் எரர்' மட்டும் கொஞ்சம் தனி. ப்ராசஸரே 'வன்பொருளில் பிழை கண்டேன், திருத்த முடியவில்லை' என்று சொல்லி விண்டோஸிடம் கொடுப்பது அது. அங்கே ப்ராசஸர், அதற்குப் போகும் மின்சாரம், ஓவர்கிளாக் (குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது), சில சமயம் கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புதிய விண்டோஸ் 11-இல் நீலத்திரை கறுப்பாக மாறிவிட்டது. 2025-இல் வந்த மாற்றம். நிறம்தான் மாறியது, பிழைப் பெயர் முன்போலவே திரையில் வரும். வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நாலைந்து முடக்கங்களின் படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எல்லாம் ஒரே பெயரா, ஆளுக்கொரு பெயரா என்பது தெரியும்.

எந்தத் திரையும் வராமல் பட்டென்று அணைந்து மறுபடி ஓடுகிறதே?

நடந்தவற்றைக் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். பலர் அதையே நோயின் பெயர் என்று நினைத்துத் தேட ஆரம்பிக்கிறார்கள். அது சொல்வது ஒன்றுதான்: போன முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை. அது உங்களுக்கே தெரியும். அந்தப் பதிவின் விவரங்களில் 'பக்செக் கோட்' 0 என்று இருந்தால், விண்டோஸுக்கு நீலத்திரை காட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். இப்படிப்பட்ட முடக்கத்தில் ராமைவிட எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அதுவும் கேம் சூடுபிடிக்கும் நேரத்தில், கிராஃபிக்ஸ் கார்டு திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது அணைகிறது என்றால். 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஆனால் மென்பொருள் காட்டும் வோல்ட் அளவை ரொம்ப நம்பாதீர்கள். மதர்போர்டு சென்சார்கள் தப்பாகக் காட்டுவது சகஜம். நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ் கைவசம் இருந்தால் மாற்றிப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை.

எதற்கு வம்பு, விண்டோஸை ஃபார்மட் செய்து மறுபடி போட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். குறைந்தபட்சம் ராமைச் சோதிக்கும்வரை வேண்டாம். விண்டோஸ் நிறுவப்படும்போது ஒவ்வொரு கோப்பும் ராம் வழியாகத்தான் எஸ்எஸ்டிக்குப் போகிறது. ராம் கெட்டிருந்தால் புதிதாகப் போட்ட விண்டோஸும் பிறக்கும்போதே ஊனமாகப் பிறக்கும். அப்புறம் ராமை மாற்றினாலும் முடக்கம் நிற்காது. 'ராம் இல்லை போல' என்று தப்பான முடிவுக்கு வந்து வேறெங்கோ தேடிப் போவீர்கள்.

டிஸ்க்கைச் சரிபார்த்துத் திருத்தும் கருவிகளுக்கும் இதே எச்சரிக்கை. கெட்ட ராமோடு அவற்றை ஓட்டினால் நன்றாக இருக்கும் கோப்பு அட்டவணையையும் 'திருத்தி'க் கெடுக்க வாய்ப்புண்டு. முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுப்பதென்றால்கூட, முதலில் ராமின் வேகத்தைக் குறைத்து, அல்லது சந்தேகமுள்ள ராம் ஸ்டிக்கை (ஸ்லாட்டில் செருகும் ராம் பலகையை) கழற்றி வைத்துவிட்டு எடுங்கள். பழைய பிரதியின் மேல் எழுதாமல் தனி இடத்தில் வைப்பது நல்லது.

சரி, எங்கிருந்துதான் தொடங்குவது?

பயாஸிலிருந்து, அதாவது விண்டோஸுக்கு முன் எழுந்து பாகங்களை அமைக்கும் மதர்போர்டு மென்பொருளிலிருந்து. கணினி ஓடத் தொடங்கும்போதே டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் பயாஸ் திறக்கும். அங்கே எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, டிஓசிபி என்று மூன்றில் ஏதாவது ஒரு பெயரில், ராமை வேகமாக ஓட்டும் ஓர் அமைப்பு இருக்கும். அதை அணையுங்கள். ப்ராசஸரையோ கிராஃபிக்ஸ் கார்டையோ ஓவர்கிளாக் செய்திருந்தால், வழக்கத்தைவிடக் குறைந்த மின்னழுத்தம் வைத்திருந்தால், அதையும் பழையபடி வையுங்கள். சேமித்து வெளியே வந்து, வழக்கமாக முடங்கும் வேலையை வழக்கம்போலச் செய்து பாருங்கள்.

இதை முதல் படியாகச் சொல்லக் காரணம் உண்டு. செலவில்லை, எதையும் கழற்ற வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ராம் மாற்றிய பின் தொடங்கும் முடக்கங்களில் நிறைய இந்த ஒரு படியிலேயே நின்றுவிடுகின்றன.

நிற்கவில்லையா? அடுத்து கணினியை அணைத்து, மின்கம்பியை உருவி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, ராம் ஸ்டிக்குகளைக் கழற்றி மறுபடி பொருத்துங்கள். அதற்குப் பின் மெமரி டெஸ்ட். அதற்கும் பின்தான் பாகங்களை மாற்றும் யோசனை.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பயாஸ் அப்டேட், புது டிரைவர், ஸ்லாட் மாற்றம் மூன்றையும் ஒரே மாலையில் செய்து, முடக்கம் நின்றும்விட்டால், எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து.

எக்ஸ்எம்பி என்பது பெட்டியில் போட்டிருக்கும் வேகம்தானே? அதை ஏன் அணைக்க வேண்டும்?

பெட்டியில் போட்டிருப்பதுதான், ஆனால் அது மதர்போர்டும் ப்ராசஸரும் ஒப்புக்கொண்ட வேகம் இல்லை. ராமுக்கான பொது அளவுகோல்களை வகுக்கும் அமைப்பு ஜெடெக். அதன் கணக்கில் டிடிஆர்4 (ராமின் ஒரு தலைமுறை, அடுத்தது டிடிஆர்5) ராமின் வேகம் 3200 வரைதான், மின்னழுத்தம் 1.2 வோல்ட். 3600 என்று விற்கப்படும் டிடிஆர்4 ஸ்டிக் அதைத் தாண்டி, பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடும்படி அதன் தயாரிப்பாளர் சோதித்து விற்பது. அந்த அமைப்புகளை ஸ்டிக்கிலேயே ஒரு சிறு சிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். பயாஸ் அதைப் படித்து அப்படியே போட்டுக்கொள்வதற்கு இன்டெல் வைத்த பெயர் எக்ஸ்எம்பி. டிடிஆர்5-க்கு ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்தது எக்ஸ்போ.

ஆக, எக்ஸ்எம்பி போடுவது ஒருவகை ஓவர்கிளாக்தான். ஸ்டிக் தாங்கும் என்பதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. உங்கள் ப்ராசஸருக்குள் இருந்து ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் தாங்குமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஒரே மாடல் ப்ராசஸர்களிலேயே ஒன்று தாங்கும், இன்னொன்று தாங்காது.

அணைத்ததும் முடக்கம் நின்றால் ராம் கெட்டது என்று தூக்கிப்போட வேண்டாம். எக்ஸ்எம்பியை மறுபடி போட்டு, வேகத்தை மட்டும் ஒரு படி இறக்கிப் பாருங்கள்: 3600 என்றால் 3400, இல்லை 3200. அன்றாட வேலையில் வித்தியாசம் தெரிவதே அரிது. பெட்டியில் உள்ள எண்ணுக்காக வாரம் இரண்டு முறை வேலையை இழப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை.

மெமரி டெஸ்ட் எப்படிச் செய்வது? விண்டோஸில் இருப்பதே போதுமா?

தொடக்கத்துக்குப் போதும். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் வரும். ரீஸ்டார்ட் ஆகிச் சோதனை தொடங்கியதும் எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டென்டெட்' வகையைத் தேர்ந்தெடுங்கள். தானாக ஓடும் சாதாரணச் சோதனை மேலோட்டமானது. அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் அவ்வளவாக நம்ப வேண்டாம்.

அடுத்தது மெம்டெஸ்ட்86, அல்லது திறமூல மென்பொருளான மெம்டெஸ்ட்86 பிளஸ். பெயர்தான் ஒன்றுபோல, இரண்டும் வேறு வேறு. ஏதாவது ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை ஓட்ட வேண்டும். விண்டோஸ் ஓடாத நிலையில் சோதிப்பதால் ராமின் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். மெம்டெஸ்ட்86-இன் இலவசப் பதிப்பு 4 சுற்றுகள் ஓடும். ராம் அதிகம் என்றால் இது மணிக்கணக்கில் போகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பிழை வந்தால் திரையில் சிவப்பாக வரிகள் வரும். ஒவ்வொரு வரியிலும் எந்த முகவரி, என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன கிடைத்தது என்று இருக்கும். உதாரணத்துக்கு 00000000 எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் 00000400 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இலக்கமும் 4 பிட் (0 அல்லது 1), ஆக எழுதிய 32 பிட்டுகளில் 31 சரி, ஒன்று மட்டும் புரண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரியில் அதே பிட் புரண்டால் அந்த ஸ்டிக்கில் ஒரு செல் செத்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். முகவரிகள் தாறுமாறாக, பல பிட்டுகள் கலந்து வந்தால் வேகம், மின்னழுத்தம், சரியாக உட்காராத ஸ்டிக் போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

'ஒரே ஒரு பிழைதான், பரவாயில்லையா?' என்று கேட்பார்கள். பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சரியான ராமில் வர வேண்டிய பிழைகளின் எண்ணிக்கை 0.

எக்ஸ்எம்பி போட்ட நிலையில் ஒரு முறை, அணைத்த நிலையில் ஒரு முறை என்று சோதிப்பது முக்கியம். இரண்டிலும் பிழை என்றால் ஸ்டிக் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். போட்டால் மட்டும் பிழை என்றால் அது ஒத்துப்போகாத பிரச்சினை.

மெம்டெஸ்ட் இரவு முழுவதும் ஓடி ஒரு பிழையும் இல்லை. கேம் போட்டால் பத்து நிமிடத்தில் விழுகிறது. ஏன்?

மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. கேம் ஓடும்போது அது வெளியேற்றும் சூடான காற்று நேராக ராம் மேல் போகிறது. ராம் என்பது மிகச் சிறிய மின்னேற்றங்களைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். அவை கசிந்துகொண்டே இருக்கும், நொடிக்குப் பல முறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். ஜெடெக் விதிப்படி 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புதுப்பிக்கும் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதே இதனால்தான். டைமிங்கை (ராம் பதில் தர விடும் இடைவெளியை) இழுத்துப்பிடித்து வைத்திருக்கும் ஸ்டிக்குகள் அந்த எல்லைக்கு வெகு முன்பே தடுமாற ஆரம்பிக்கும். கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்து, ஒரு மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி, அதே கேமை ஓட்டிப் பாருங்கள். விழாமல் ஓடினால் சூடுதான் காரணம்.

அப்போதும் விழுந்தால் ராமைக் கொஞ்சம் தள்ளிவைத்து மற்றவற்றைப் பாருங்கள். ப்ராசஸரையும் ராமையும் சேர்த்து வாட்ட பிரைம்95 அல்லது ஓசிசிடி இருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவரை முழுவதும் நீக்கிப் புதிதாகப் போடுவதும் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியதே.

மெம்டெஸ்டில் பிழை வந்துவிட்டது. கெட்டது ஸ்டிக்கா, ஸ்லாட்டா, எப்படித் தெரியும்?

ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும், மதர்போர்டு கையேடு முதலில் பயன்படுத்தச் சொல்லும் ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்த ஸ்டிக். பிழை ஒரு ஸ்டிக்கோடு கூடவே போனால் அந்த ஸ்டிக்தான். எந்த ஸ்டிக் வைத்தாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் பிழை என்றால் ஸ்லாட் பக்கம். தனித்தனியே எல்லாம் தேறி, சேர்த்து வைத்தால் மட்டும் பிழை என்றால் யாரும் கெடவில்லை, கூட்டுதான் சரியில்லை.

'ஸ்லாட் பக்கம்' என்று சொன்னதும் மதர்போர்டை மாற்ற ஓட வேண்டாம். ஒரு காலத்தில் மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டில் இருந்தது. ஏஎம்டி 2003-இலும், இன்டெல் 2008-இலும் அதை ப்ராசஸருக்குள் கொண்டுபோய்விட்டன. ராம் ஸ்லாட்டிலிருந்து கிளம்பும் கம்பிகள் இப்போது நேராக ப்ராசஸர் சாக்கெட்டுக்குப் போகின்றன. சாக்கெட்டில் ஒரு ஊசி வளைந்திருந்தாலே ஒரு சேனல் (ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான ஒரு பாதை) முழுவதும் காணாமல் போகும்: நாலு ஸ்லாட்டில் இரண்டு மட்டும் வேலை செய்யும், 32 ஜிபி போட்டால் 16 தெரியும். கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலும் இப்படி ஆவதுண்டு. கூலரைக் கழற்றி, ப்ராசஸரை எடுத்து, சாக்கெட்டைப் போன் டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். ஊசிகளின் வரிசையில் ஒன்று மட்டும் வேறு விதமாக மின்னும். கூலரைத் திரும்பப் போடும்போது புது தெர்மல் பேஸ்ட் வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பழைய 8 ஜிபியோடு வேறு கம்பெனியின் 8 ஜிபி சேர்த்தேன். அதனால்தான் முடங்குகிறதா?

அதனாலும் இருக்கலாம். கலந்து போடுவது தப்பு என்று சட்டம் எதுவும் இல்லை. பல கணினிகளில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. பயாஸ் இரண்டையும் படித்து, இரண்டும் தாங்கும் மெதுவான அமைப்பைத் தேர்ந்தெடுக்கும். அடிப்படை வேகத்தில் இது பெரும்பாலும் சரியாக அமையும். எக்ஸ்எம்பியைப் போட்டதும்தான் சிக்கல்: பயாஸ் ஒரு ஸ்டிக்கின் அமைப்பை எடுத்து மற்றதன் தலையிலும் கட்டப் பார்க்கும்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல் எண் என்று பார்த்து வாங்கினாலும் உள்ளே இருக்கும் சிப் ஒன்றாக இருக்கும் என்று உறுதியில்லை. ஸ்டிக்கில் இருக்கும் நினைவக சிப்பான டிரேமைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஸ்டிக் விற்கும் கம்பெனிகளோ ஏராளம். பல கம்பெனிகள் இன்று ஒருவர் சிப்பையும் ஆறு மாதம் கழித்து இன்னொருவர் சிப்பையும் வைத்து அதே பெயரில் விற்கின்றன. அதனால்தான் மொத்தமும் ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே கலந்து போட்டாயிற்று என்றால் எக்ஸ்எம்பியை அணைத்து அடிப்படை வேகத்தில் ஓட்டுங்கள். மெம்டெஸ்ட் தேறினால் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஸ்டிக் நன்றாக ஓடியது, அதே மாதிரி இன்னும் இரண்டு போட்டேன், போச்சு. நாலுமே புதுசு!

டிடிஆர்5-இல் இது கிட்டத்தட்ட எதிர்பார்க்க வேண்டியது. ஒவ்வொரு சேனலிலும் இரண்டு ஸ்டிக் தொங்கும்போது மெமரி கன்ட்ரோலரின் சுமை கூடுகிறது, கம்பிகளில் சிக்னல் மங்குகிறது. ரைசன் 7000 ப்ராசஸர் வரிசைக்கு ஏஎம்டியே தந்திருக்கும் எண்களைப் பாருங்கள்: இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு என்றால் 3600. நீங்கள் நாலு ஸ்டிக்கையும் 6000-இல் ஓட்டப் பார்த்தால் அது அறிவிக்கப்பட்ட எல்லையை எங்கோ தாண்டிப் போவது. சிலருக்கு ஓடும். உங்களுக்கு ஓடவில்லை என்றால் பழுது என்று சொல்ல முடியாது.

64 ஜிபி வேண்டும் என்றால் நாலு 16-ஐவிட இரண்டு 32 வாங்குங்கள். என்னைக் கேட்டால் டிடிஆர்5 கணினியில் மூன்றாவது, நாலாவது ஸ்லாட்டுகள் இல்லை என்றே நினைத்துக்கொள்வது நல்லது. டிடிஆர்4 இந்த விஷயத்தில் இவ்வளவு கறார் இல்லை.

இரண்டு ஸ்டிக்கை எந்த ஸ்லாட்டில் போடுவது?

நாலு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதும். ஒன்றிலும் இரண்டிலும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஓடும், ஆனால் ஒரே சேனலில் மெதுவாக. கையேட்டில் படமே போட்டிருப்பார்கள்.

டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 போகுமா?

போகாது. மேசைக் கணினியில் இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. அழுத்திப் பொருத்த முயன்றால் ஸ்லாட்தான் உடையும்.

உருவத்தில் பொருந்தி ஏமாற்றும் ஒன்று உண்டு: சர்வரிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் டிடிஆர்4 'ரெஜிஸ்டர்டு' ராம். சாதாரண மதர்போர்டில் அழகாக உட்காரும், கணினி ஓடாது. பழைய டிடிஆர்3 மடிக்கணினிகளிலும் ஒரு பொறி இருக்கிறது: 1.35 வோல்ட் மட்டும் தரும் ஸ்லாட்டில் 1.5 வோல்ட் ஸ்டிக் போட்டால் ஓடாமல் போகலாம், அல்லது ஓடுவதுபோல் ஓடி நடுவில் முடங்கலாம்.

மதர்போர்டு கம்பெனியின் ஒத்துப்போகும் ராம் பட்டியலில் என் ராம் இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கியூவிஎல் என்று சொல்லப்படும் அந்தப் பட்டியல், அவர்கள் சோதித்துப் பார்த்தவற்றின் பட்டியல் மட்டுமே. அதில் இல்லாதது ஓடாது என்று பொருளில்லை. வாங்கும் முன் என்றால் பார்த்து வாங்குங்கள். எத்தனை ஸ்டிக்குகளோடு எந்த வேகத்தில் சோதித்தார்கள் என்ற கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ராம் விற்கும் கம்பெனியின் தளத்திலும் மதர்போர்டு மாடலை வைத்துத் தேடலாம். புது மாடல் போர்டுகளுக்கு ராம் கம்பெனியின் பட்டியல் சில சமயம் இன்னும் முழுமையாக இருக்கும்.

புது ராம் போட்டதும் திரையே வரவில்லை. எல்லாம் போச்சா?

டிடிஆர்5 என்றால் முதலில் காத்திருங்கள். புது ராமைப் பார்த்ததும் பயாஸ் ஒவ்வொரு கம்பிக்கும் நேரக்கணக்கை அளந்து சரிசெய்கிறது. மெமரி டிரெயினிங் என்று பெயர். அது முடியும்வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், ராம் அதிகம் என்றால் பல நிமிடங்கள்கூட ஆகும். 'ஓடவில்லை' என்று நடுவில் அணைத்து அணைத்து ஓட்டினால் டிரெயினிங் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு கால் மணி நேரம் அதன்போக்கில் விடுங்கள்.

அதற்குப் பின்னும் வரவில்லை, மதர்போர்டில் 'டிரேம்' என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்றால், ஸ்டிக் சரியாக உட்காரவில்லை என்பதே முதல் சந்தேகம். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கிறது. கொக்கி உள்ள பக்கம் 'டிக்' என்று விழுந்ததும் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். கொக்கி இல்லாத பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து, ஒருசேர, பயப்படாமல் அழுத்துங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: தங்க நிறத் தொடுமுனைகளின் கோடு ஸ்லாட்டுக்கு மேலே இரு முனையிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

தொடுமுனைகள் மங்கியிருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் உலரவிட்டுப் பொருத்துங்கள். ரப்பரால் தேய்ப்பது பழைய பழக்கம். வேலை செய்யும்தான், ஆனால் துகள் ஸ்லாட்டுக்குள் போகும், தங்கப் பூச்சும் தேயும்.

கடைசியாக சீமாஸை, அதாவது பயாஸ் சேமித்து வைத்த அமைப்புகளை, அழியுங்கள். மதர்போர்டில் இதற்கென்று இரண்டு ஊசிகள் இருக்கும். இல்லையென்றால் மின்கம்பியை உருவிவிட்டு வட்டமான சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் போதும்.

பயாஸ் அப்டேட் செய்தால் ஒத்துப்போகாத பிரச்சினை தீருமா?

டிடிஆர்5 போர்டுகளில் நிறையத் தீர்கிறது. ஆரம்ப கால பயாஸ்களில் மெமரி டிரெயினிங் சுமாராகத்தான் இருந்தது. 24, 48 ஜிபி ஸ்டிக்குகள் வந்தபோது பல போர்டுகள் அவற்றை அறியவே புது பயாஸ் தேவைப்பட்டது. முடங்கும் கணினியில், விண்டோஸுக்குள் இருந்துகொண்டு அப்டேட் செய்யாதீர்கள். பென்டிரைவில் வைத்து பயாஸுக்குள்ளிருந்து, எக்ஸ்எம்பியை அணைத்த நிலையில் செய்யுங்கள். பாதியில் நின்றால் போர்டே எழாமல் போகலாம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: டிரைவ் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸ் மாற்றத்துக்குப் பின் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து, வேறு இடத்தில் எழுதி வைத்துவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர்' என்று ஓர் அமைப்பு உண்டு. ஒருமுறை செய்த டிரெயினிங்கை நினைவில் வைத்து அடுத்த முறை சீக்கிரம் எழ உதவுவது. எழுந்து கொஞ்ச நேரத்தில் முடங்கும் கணினிகளில் இதை அணைத்துப் பார்ப்பதற்குப் பலன் இருக்கிறது. கணினி எழத் தாமதமாகும், அவ்வளவுதான்.

பிழைச் செய்தியே 'மெமரி போதவில்லை' என்று சொல்கிறது. அப்போதும் ராம் இல்லாமல் வேறாக இருக்குமா?

இருக்கும். இதற்கு ஊரறிந்த உதாரணம் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினி ப்ராசஸர்கள். சில கேம்களில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று வந்து விழுந்தது. ஆட்கள் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினார்கள், ராமை மாற்றினார்கள், எதுவும் உதவவில்லை. கடைசியில் காரணம் ப்ராசஸர் என்று தெரிந்தது: தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய், நாளடைவில் சிப் தேய்ந்து, முன்பு போதுமாக இருந்த மின்னழுத்தம் போதாமல் போனது. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் இன்டெல் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்களை பயாஸ் அப்டேட் வழியாக வெளியிட்டது. வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டியது. திருத்தம் மேற்கொண்டு தேயாமல் தடுப்பதற்குத்தான். ஏற்கெனவே தேய்ந்த ப்ராசஸரை அது குணப்படுத்தாது. மாற்றித்தான் ஆக வேண்டும். உங்களிடம் அந்தத் தலைமுறை ஐ7, ஐ9 இருந்து, காரணமில்லாமல் முடங்கினால், ராம் வாங்கும் முன் பயாஸ் தேதியைப் பாருங்கள்.

மடிக்கணினியில் என்ன செய்வது? எக்ஸ்எம்பியே இல்லையே.

சோதனை அதேதான்: மெம்டெஸ்ட் ஓட்டி, சேர்த்த ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் ஒரு பகுதி ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், ஒரு ஸ்லாட் மட்டும் காலியாக இருக்கும். கழற்றிய பின்னும் பிழை வந்தால் கெட்டது பற்றவைத்த பகுதி. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. ஒரு மாடல் எத்தனை ஜிபி வரை தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள். திறக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

இசிசி ராம் போட்டால் இந்தத் தொல்லையே இருக்காதா?

கெட்டுப்போவது நிற்காது, ஆனால் கெட்டது தெரியும். இசிசி (பிழை திருத்தும் வசதி) ஒரு பிட் பிழையைத் திருத்திவிடும், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். 2009-இல் கூகுள் தன் சர்வர்களின் ராம் பிழைகளை ஆராய்ந்து டொரன்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ஸ்டிக்குகளில் பிழை தென்பட்டது. நாம் நினைப்பதைவிட இது அதிகம்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022-இல் இது நடந்தது. இசிசி இல்லாத ராம் வைத்திருந்த அவருடைய கணினியில் நிரல்கள் காரணமில்லாமல் விழ ஆரம்பித்தன. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் புதிதாகச் சேர்ந்த ஏதோதான் என்று முதலில் நினைத்தார், கெட்டிருந்தது ராம். ஸ்டிக் மாறும்வரை மடிக்கணினியில் வேலையை ஓட்டினார்.

டிடிஆர்5-இல் இசிசி உள்ளேயே இருக்கிறது என்று விளம்பரத்தில் வருவது பாதி உண்மை. அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டும். சிப்பிலிருந்து ப்ராசஸர் வரும் வழியில் நடப்பதை அது பார்க்காது, பிழை வந்தது என்று உங்களிடம் சொல்லவும் செய்யாது. முழு இசிசி வேண்டும் என்றால் ப்ராசஸரும் மதர்போர்டும் அதை ஆதரிக்க வேண்டும். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஆதரவு இருக்காது.

ராமின் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகும் என்கிறார்களே?

சில சமயம் ஆகும். ஆனால் வேகத்தை ஒரு படி இறக்கினால் கிடைக்கும் அதே பலனுக்காக ஸ்டிக்கையும் ப்ராசஸரையும் சூடேற்றுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

ஜோடியில் ஒரு ஸ்டிக் மட்டும்தான் கெட்டது. அதை மட்டும் வாரன்டியில் மாற்றினால் போதுமா?

ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே அனுப்புங்கள். பல தயாரிப்பாளர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அவை ஒன்றாகச் சோதிக்கப்பட்டு விற்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் வேறு சிப் கொண்ட ஸ்டிக் வந்து, மேலே சொன்ன கலப்புப் பிரச்சினை வாரன்டி வழியாகவே வீட்டுக்கு வரும். பல ராம் கம்பெனிகள் ஆயுட்கால வாரன்டி தருகின்றன, எனவே பழைய ஸ்டிக் என்று தயங்காமல் கேட்டுப் பாருங்கள். அனுப்பும் முன் மெம்டெஸ்டின் பிழைத் திரையையும், ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றாக வந்த ஜோடியைப் பொருத்தியதும், வேறெந்த வேலையும் தொடங்கும் முன், முதல் இரவே மெம்டெஸ்ட் ஓட்டிவிடுங்கள்.